குதிரைக்குச் சாமி வந்த வருஷம்

எங்கள் தோட்டத்தில் யாருக்குச் சாமி வரும், யாருக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். என் தாய்மாமாவுக்கு வரும். ரப்பர் பால் ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு வரும், ஆனால் கள் குடித்த நாளில் மட்டும். மேட்டு லயத்து வீட்டு வரிசையில் இருந்த ஓர் அக்காவுக்கு மாமியாரோடு சண்டை முற்றினால் வரும். என் அப்பாவுக்கு வரவே வராது. பக்கத்தில் நின்று உடுக்கை அடித்தாலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு, மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்கிற ஆள் மாதிரி நிற்பார். எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு வருஷம் துரையின் குதிரைக்குச் சாமி வந்தது.

சிரிக்க வேண்டாம். நான் என் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. பார்த்தேன், கும்பிட்டேன், அந்தச் சாமிக்காக ஒரு காரியமும் செய்தேன். செய்த காரியத்தை என் பிள்ளைகளிடம்கூட இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டால் குதிரை ஆடிய கதையோடு நிறுத்திவிடுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் நடந்தது இது. எங்கள் தோட்டம் ஈப்போவிலிருந்து கோப்பெங் போகிற சடக்கில், அதாவது பெரிய ரோட்டில், இருந்தது. ஒரு பக்கம் கித்தா என்கிற ரப்பர் மரங்கள், இன்னொரு பக்கம் சுண்ணாம்பு மலை. மலை என்றால் மெதுவாக ஏறிப் போகிற மலை இல்லை. தரையிலிருந்து நேராக எழும்பி, வெள்ளை வெளேரென்று நிற்கும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

அப்பா துரையின் குதிரைக்காரர். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் விடிவதற்குள் பெரட்டில் போய் நின்று, பெயர் கொடுத்துவிட்டு, பால் எடுக்க மரம் வெட்டப் போவார்கள். என் அப்பா பங்களாவுக்குப் போவார். அவர் மேல் ரப்பர் பால் நாற்றம் அடிக்காது, குதிரை வாசம் அடிக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. லயத்துப் பிள்ளைகளிடம், எங்க குதிரை, எங்க குதிரை என்றுதான் பேசுவேன். துரை காதில் விழுந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

வெள்ளைக் குதிரை. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்ததாம். அதன் முதுகு அப்பாவின் தலை உயரத்துக்கு இருக்கும். துரை அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தார், அது எங்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அப்பா ராசா என்று கூப்பிடுவார். அது குனிந்து என் தலைமுடியில் மூச்சு விடும்போது எனக்கு முதுகுத்தண்டு வரை சிலிர்க்கும். இவ்வளவு பெரிய உயிர் என்னைக் கடிக்காமல், மிதிக்காமல், சும்மா முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறதே என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவேன். துரை தினமும் அதன் மேல்தான் தோட்டத்தைச் சுற்றி வருவார். காலையில் எட்டு மைல், சாயங்காலம் நாலு மைல்.

பிறகு துரை மோட்டார் வாங்கினார். வாங்கின இரண்டாம் வாரம், துரை ராசா மேல் வந்துகொண்டிருக்க, டிரைவர் மோட்டாரை ஓட்டிப் பழகிக்கொண்டு எதிரே வந்தார். குதிரையைக் கண்டதும் அவருக்கு என்ன தோன்றியதோ, ஹாரனை அமுக்கிவிட்டார். ராசா இரண்டு காலில் எழும்பியது. துரை வாய்க்காலில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். தப்பு டிரைவருடையது, தண்டனை குதிரைக்கு. ஈப்போவில் யாரிடமாவது விற்கும்வரை அதைக் கொட்டாயை விட்டு வெளியே எடுக்கக் கூடாது, யாரும் அதன் மேல் ஏறக் கூடாது என்று துரை சொன்னதாகக் கிராணி வந்து அப்பாவிடம் சொன்னார். கிராணி என்றால் தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர். துரை சொல்வதைத் தமிழில் சொல்வது அவர்தான்.

“பத்து நாள்ல வித்துருவாங்க” என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்து நாள் போய் ஒரு மாதம் ஆனது, மூன்று மாதம் ஆனது. வாங்க ஆள் வரவில்லை. ஈப்போவில் இருந்த துரைமார் எல்லோரும் மோட்டார் வாங்குவதில் மும்முரமாக இருந்தார்கள்.

ராசா நின்ற கொட்டாய்க்கு மூன்று பக்கமும் பலகை, மேலே தகரம், முன்னால் பாதிக் கதவு. உள்ளே திரும்பி நிற்கலாம், படுக்கலாம். நடக்க முடியாது. அப்பா புல் போட்டார், கொள்ளு போட்டார், தேய்த்துக் குளிப்பாட்டினார். குறை ஒன்றும் வைக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்து தின்கிறது, கொடுத்துவைத்த குதிரை என்று பால் ஸ்டோர் பெரியவர் பெருமூச்சு விட்டார்.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் முப்பது நாள் தாண்டவில்லை. அந்த வருஷம் அம்மா மறுபடி முழுகாமல் இருந்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேசினால் கண்பட்டுவிடும் என்று பயம். அம்மா மட்டும் விறகு அடுக்கும்போதும், பாத்திரம் கழுவும்போதும், ஒரு கையை வயிற்றின் மேலேயே வைத்திருப்பார். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பு இறந்த பாப்பாவைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனபோது அம்மா அழுத அழுகை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

ஒரு நாள் அப்பாவுக்குப் பசியாறச் சோறு எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். அப்பா புல்லறுக்கப் போயிருந்தார். கொட்டாயின் பாதிக் கதவுக்கு மேல் ராசாவின் தலையும் கழுத்தும் தெரிந்தன. தலை வலது பக்கம் போனது. இடது பக்கம் வந்தது. மறுபடி வலது. முன்னங்கால் இரண்டும் மாறி மாறித் தரையை மிதிக்கிற சத்தம் பலகைக்குப் பின்னாலிருந்து வந்தது. தடக், தடக், தடக். தாளம் பிசகவே இல்லை. ராசா என்று கூப்பிட்டேன். வழக்கமாக என் குரலுக்குக் காதைத் திருப்பும், அன்றைக்குத் திருப்பவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி எதையோ பார்த்தது. அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆடி மாதம், முனியாண்டி கோயில் வாசலில், என் மாமாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்துவிட்டது. சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெயில் தகரத்தில் சுட்டுக்கொண்டிருந்தது. பங்களாப் பக்கம் சத்தமே இல்லை. அந்தப் பெரிய வெள்ளைத் தலை மட்டும் வந்து போய்க்கொண்டே இருந்தது. பயமாக இருந்தது, ஆனாலும் ஓடத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நான் அதற்கு முன் நின்றதில்லை.

மத்தியானம் மாமா வேலை முடிந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். மாமா அம்மாவின் அண்ணன், கோயிலில் வருஷா வருஷம் சாமி ஆடுகிறவர். என்னோடு வந்து, கதவிலிருந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்படியே மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“வந்துட்டாருடா” என்றார் எழுந்து. “ஆடித் திருவிழாவுக்கு லீவு இல்லேன்னு தொரை சொன்னாருல்ல. கோயில்ல எடம் குடுக்கல. தொரை வீட்டுக்கே வந்து எறங்கிட்டாரு.”

அவர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட யாராலும் மறுக்க முடியவில்லை. அந்த வருஷம் திருவிழா நடக்கவில்லை என்பது உண்மை. முனியாண்டிக்கு வாகனம் வெள்ளைக் குதிரை என்பதும் தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டையும் சேர்த்தால் வேறு என்ன வரும்?

அன்றிலிருந்து சாயங்காலம் துரை கிளப்புக்குப் போனதும் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். சூடம், எலுமிச்சம்பழம், வெல்லம், அவல். எல்லோரையும் வேலை வாங்குகிற பெரிய கங்காணிகூட ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். கிராணி கண்டும் காணாதது மாதிரி இருந்துவிட்டார். குதிரை கதவுப் பலகையைப் பல்லால் கடித்து இழுக்கும்போது, மாமா எல்லோரையும் ஓரடி பின்னால் போகச் சொல்வார். உக்கிரம் ஏறுகிறதாம். குறி கேட்கிற முறையையும் அவரே வகுத்தார். கண்ணை மூடி மனசுக்குள் கேட்க வேண்டும். கண்ணைத் திறக்கும்போது சாமியின் தலை வலது பக்கம் இருந்தால் நினைத்தது நடக்கும். இடது பக்கம் இருந்தால் நடக்காது.

நான் கேட்டேன். அம்மாவுக்குப் பிறக்கப்போகிற பாப்பா முப்பது நாளைத் தாண்டுமா என்று கேட்டுக் கண்ணைத் திறந்தேன். தலை இடது பக்கம் இருந்தது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு, சரியாகத் திறக்கவில்லை என்று சாமியிடம் சொல்லிவிட்டு, தடக் சத்தத்தை எண்ணிப் பார்த்துத் திறந்தேன். வலது பக்கம். அப்பாடா என்று இருந்தது. சாமியை ஏமாற்றினோமே என்று தோன்றவில்லை. சாமிக்கு அதெல்லாம் தெரியாமலா இருக்கும், தெரிந்தும் பெரிய மனசு பண்ணி விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவும் வந்து கேட்டார். என்ன விடை கிடைத்தது என்று சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு, வெகுநாளைக்குப் பிறகு, குழம்புக்கு மசாலா அரைக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

அப்பா ஒருவர்தான் மசியவில்லை. அவல் தின்று குதிரைக்கு வயிறு உப்பிக்கொண்ட நாளில் வீட்டில் சத்தம் போட்டார்.

“சாமியும் இல்ல, பூதமும் இல்ல. நின்னு நின்னு அதுக்குப் புத்தி கலங்கிப்போச்சு. ஓடுற காலுல்ல அது. மரத்தூணுன்னு நெனச்சீங்களா?”

“வாய மூடுங்க” என்றார் அம்மா. “வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டிருக்கேன். இந்தப் பேச்சு என் காதுல விழக் கூடாது.”

எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. சாமியைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுகிற பாக்கியம் கிடைத்தும் இந்த மனுஷனுக்குப் புத்தி வரவில்லையே என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரத்தில், சாமியைத் தனியாகப் பார்க்கப் போனேன். ஞாயிறு என்றால் துரை மோட்டாரில் ஈப்போ போய்விடுவார். தோட்டமே தூங்கும். கொட்டாய்க் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சாமி இல்லை. தரையில், முன்னங்கால் மிதித்து மிதித்துத் தோண்டிய இரண்டு குழி மட்டும் இருந்தது. வாசலிலிருந்து குளம்படித் தடம் கித்தா மரங்களுக்குள் போனது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் போனேன். மரங்கள் முடிந்து, லாலான் புல்லைத் தாண்டியதும் பழைய ஈய லம்பம் வந்தது. சீனர்கள் தோண்டி முடித்து விட்டுப்போன இடம். நடுவில் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் வெள்ளை மணல், பின்னால் அந்த மலை.

அங்கேதான் பார்த்தேன்.

ராசா மணலில் மல்லாக்கப் படுத்து, நாலு காலும் ஆகாயத்தில் தெரியப் புரண்டுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, சின்னப் பிள்ளை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. பிறகு எழுந்து உடம்பை உதறியது. மணல் நாலா பக்கமும் தெறித்தது. ஒரு நிமிஷம் அசையாமல் நின்று காற்றை முகர்ந்தது. அடுத்த நிமிஷம் ஓடியது.

அது ஓடியதை எப்படிச் சொல்வது? துரை மேலே இருக்கும்போது அது ஓடி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இது அந்த ஓட்டம் இல்லை. கழுத்தை நீட்டி, வாலைத் தூக்கி, குட்டையைச் சுற்றி ஓடியது. என்னைக் கடந்தபோது தரை அதிர்ந்தது என் பாதத்தில் தெரிந்தது. குளம்புச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஒரு குதிரை ஓட, பத்துக் குதிரை ஓடுகிற சத்தம். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பிறகு வந்த வேகத்திலேயே தண்ணீருக்குள் பாய்ந்தது. முதுகு மறைந்தது, தலை மட்டும் மேலே தெரிய நீந்தியது. நான் லாலான் புல்லைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். மூச்சு விட்டேனா என்பதே நினைவில்லை. இன்றைக்கு எனக்கு இத்தனை வயதாகிவிட்டது, கடல் பார்த்தேன், ஆகாயக் கப்பலில் பறந்தேன். அதற்குமேல் ஒன்றை நான் பார்த்துவிடவில்லை.

கரையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் கயிறு இருந்தது, கயிற்றின் மறு நுனியில் ஒன்றும் இல்லை. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல் வரிசை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ராசா கரையேறித் தானாகவே அவரிடம் வந்து, நனைந்த தலையை அவர் தோளில் வைத்துக்கொண்டது. அவர் கூப்பிடக்கூட இல்லை.

பிறகு என்னைப் பார்த்தது. காதைத் திருப்பியது. என்னைத்தான் பார்த்தது, என்னைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை. தலை ஆடவில்லை. கால் மாறி மாறி மிதிக்கவில்லை. அமைதியாக, வெறும் குதிரையாக நின்றது. சாமி மலையேறிவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். கோபப்படவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, ராசாவின் நெற்றியில் என் கையை எடுத்து வைத்தார்.

“மூணு வாரமா கூட்டியாறேன். பாரு, கொஞ்சங் கொஞ்சமா தெளிஞ்சிக்கிட்டு வருது. யாருகிட்டயும் சொல்லாதம்மா. மாமாகிட்ட வேணவே வேணாம்.”

சரி என்று தலையாட்டினேன். சொல்லவும் இல்லை, ஒரு மாதம் வரை.

ஆனால் கொட்டாயில் ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. முன்பு நாள் முழுக்க ஆடியது, இப்போது சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் ஆடியது. பிறகு அதுவும் இல்லை. சூடத்தோடு வந்தவர்கள், குதிரை வாலால் ஈ ஓட்டிக்கொண்டு கொள்ளு தின்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தோட்டத்தில் என்ன குற்றம் நடந்தது, யார் சுத்தமில்லாமல் வந்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டார். அவருக்கும் சாமிக்கும் ஒரு வகையில் உறவுமுறை அல்லவா.

அந்த வாரத்தில்தான் அம்மாவுக்கு வலி வந்தது. ஏழாம் மாதம். சேலையில் ரத்தம் பட்டிருந்தது. மருத்துவச்சி வந்து பார்த்து, எழுந்து நடமாடக் கூடாது, படுத்தே கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கை வயிற்றின் மேலேயே இருந்தது. அழுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை, கண்ணைத் திறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாமி பாப்பாவுக்கு வாக்குக் கொடுத்தது. அப்பா சாமியை வெளியே கூட்டிக்கொண்டு போய் விரட்டிவிட்டார். சாமி போனதும் ரத்தம் வந்தது. வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னால் அப்பா கேட்க மாட்டார். சாமியை உள்ளேயே வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குறுக்கு வழியாக மாமாவின் லயத்துக்கு ஓடினேன். மாமா வாசலில் உட்கார்ந்து பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஞாயிற்றுக்கிழமையில் குதிரையை லம்பத்துக்குக் கொண்டுபோவதைச் சொன்னேன். எந்த வழியாகப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மாமா கெட்டவர் இல்லை. தங்கச்சி பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்பதுதான் அவருக்கும். பெரிய கங்காணியிடம் சொன்னார். கங்காணி கிராணியிடம் சொன்னார். கிராணி சாமியை விட்டுவிட்டு மற்றதைத் துரையிடம் சொன்னார்.

துரையே கொட்டாய்க்கு வந்தார். விற்க வைத்திருக்கிற குதிரையை லம்பத்து மணலில் ஓட விட்டால் கால் முறிந்துபோகாதா என்று கேட்டாராம். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், கிராணி அதைத் தமிழிலிருந்து மாற்றவே இல்லை. அன்று மாலைக்குள் பாதிக் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாளும் பூட்டும் வந்தன. சாவி பங்களாக் காவல்காரரிடம் போனது. புல்லும் தண்ணீரும் அவர் போட்டால் போதும் என்று ஆனது. மறுநாள் விடிவதற்குள் என் அப்பா மற்ற அப்பாமாரோடு பெரட்டில் நின்றார்.

மரம் வெட்டுவது ஒன்றும் லேசான வேலை இல்லை. ஆழமாக வெட்டினால் மரம் கெட்டுப்போகும், மேலாக வெட்டினால் பால் வராது. குதிரையின் குளம்பைத் துடைத்துப் பழகிய கைக்கு அந்த அளவு பிடிபடவில்லை. தன்னைவிடப் பத்து வயது சின்னவரான ஒரு சின்னக் கங்காணியிடம் தினமும் ஏச்சு வாங்கினார். வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். யார் சொன்னது என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். அதைத் தப்பென்று நினைத்தால்தானே மறைப்பதற்கு.

ஒன்பதாம் நாள் சாமி திரும்பி வந்தது.

முன்பைவிட வேகமாக வந்தது. இரவு பகல் இல்லாமல் ஆடியது. கதவின் மேல்பலகையைப் பாதிவரை கடித்துத் தின்றிருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சாமி வந்து இறங்கிய உடம்பில் சதை நிற்காது என்று மாமா விளக்கம் சொன்னார். ஜனங்கள் முன்பைவிட அதிகமாக வந்தார்கள், ஈப்போவைத் தாண்டி சிலிபின் என்கிற ஊரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். நான் முன்வரிசையில் நின்றேன். தடக், தடக் என்ற சத்தம் நெஞ்சுக்குள் விழும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அம்மாவுக்கு வலி நின்றிருந்தது. வேறென்ன வேண்டும்?

பாப்பா பிறந்தது. ஆண் பிள்ளை. முதல் பத்து நாள் வீட்டில் யாரும் சரியாக மூச்சு விடவில்லை. பதினைந்தானது, இருபதானது. நான் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தம்பியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். முப்பதாம் நாள் காலையில் தம்பி என் விரலைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தான். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதார். இந்த அழுகை வேறு மாதிரி என்பது எனக்கே புரிந்தது.

அன்று சாயங்காலம் பிள்ளையைச் சாமிக்குக் காட்டக் கொண்டுபோனோம். அம்மா, நான், மாமா, லயத்து ஜனம் பாதி. பூட்டுப் போட்ட நாளிலிருந்து அப்பா அந்தப் பக்கமே போனதில்லை. அம்மா அன்றைக்கு அவரைக் கெஞ்சிக் கேட்டார். “உங்க பிள்ளைக்காகவாவது ஒரு தடவ வந்து கும்பிட்டுட்டுப் போங்க.” அப்பா எங்களோடு வந்தார்.

மாமா சூடம் ஏற்றினார். அம்மா பிள்ளையைக் கதவுக்கு முன்னால் துணி விரித்துப் படுக்க வைத்தார். மேலே அந்தத் தலை வலதும் இடதுமாக ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம்.

அப்பா கும்பிடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கதவுக்குப் போனார். மாமா நீட்டிய சூடத் தட்டை அவர் பார்க்கவே இல்லை. ஆடுகிற கழுத்தில் கையை வைத்தார். கழுத்து நிற்கவில்லை. அவர் கையும் அதோடு சேர்ந்து வலதும் இடதுமாகப் போனது. ரொம்ப நேரம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு, மெல்ல மெல்ல, ஆட்டம் சின்னதாகி, நின்றது. ராசா தலையைத் தாழ்த்தி அப்பாவின் நெஞ்சில் முகத்தை வைத்தது. அப்பாவின் தோள் குலுங்கியது. என் அப்பா அழுது நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

“மன்னிச்சிரு ராசா” என்றார். “என்னை மன்னிச்சிரு.”

பின்னால் நின்ற ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். இத்தனை நாள் சாமியை நம்பாமல் ஏசிக்கொண்டிருந்த அப்பா, கடைசியில் தன் தப்பை உணர்ந்து சாமியிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, அப்பாவை மன்னித்துவிடு சாமி, எங்களை விட்டு எங்கேயும் போய்விடாதே, இங்கேயே இரு என்று நானும் மனமார வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது அப்பா போய்விட்டிருந்தார். தலை மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.